சீட்டின் பின்பக்கம்

பஸ் நிலையத்தில் மாடிப்படிக்குக் கீழே, டிக்கெட் கவுண்ட்டருக்கும் கழிப்பறைக்கும் நடுவில், ஒரு நீளமான அறை இருந்தது. பயணிகள் பஸ்ஸில் மறந்துவிட்டுப் போகிற பொருள்களெல்லாம் கடைசியில் அங்கேதான் வந்து சேரும். அந்த அறையில் நான் இருபத்திரண்டு வருடம் உட்கார்ந்திருந்தேன். வாழ வந்த வீட்டில்கூட அவ்வளவு நேரம் நிம்மதியாக உட்கார்ந்ததில்லை.

குடைகள் மட்டும் ஒரு சுவர் முழுக்கத் தொங்கும். மற்ற அலமாரிகளில் ஒற்றைச் செருப்பு, ஒற்றைக் கையுறை, சாப்பாட்டு டப்பா, பல்செட். ஒருமுறை ஊன்றுகோல் ஒன்று வந்தது. அதை ஊன்றிக்கொண்டு பஸ்ஸில் ஏறிய மனுஷன் அதை விட்டுவிட்டு எப்படி இறங்கி நடந்து போனார் என்று நாங்கள் மூன்று நாள் விழுந்து விழுந்து சிரித்தோம். இன்றைக்கும் எங்கேயாவது ஈரக் குடை வாசனை மூக்கில் பட்டால், ஆபீசுக்கு நேரமாகிவிட்டது என்று கால் பரபரக்கிறது. ஓய்வு பெற்று ஒன்பது வருடமாகிறது, காலுக்கு இன்னும் தெரியவில்லை.

நாங்கள் மூன்று பேர். மேலதிகாரி வெள்ளைக்காரர், தங்கமான மனுஷன். இடுப்பில் எந்நேரமும் சாவிக்கொத்து குலுங்கிக்கொண்டிருக்கும் என்பதால் அவருக்குச் சாவிக்காரர் என்று பெயர். அவர் லீவு போட்டால் சாவிக்கொத்தை என்னிடம்தான் கொடுத்துவிட்டுப் போவார். எனக்கு அதில் ஏகப்பட்ட பெருமை. மூன்றாவது ஆள் தங்கச்சி. கூடப் பிறந்தவள் இல்லை. எனக்கு நான்கு வருடம் கழித்து வேலையில் சேர்ந்தவள், நெடுநெடுவென்று உயரம், என்னைவிட இரண்டு மடங்கு கறுப்பு, சுருட்டை முடி. எங்கள் நகரத்தில் வெள்ளைக்காரர்கள் ஒரு பக்கம், கடல் தாண்டிப் பிழைக்க வந்த எங்கள் ஆட்கள் ஒரு பக்கம், அவளுடைய ஆட்கள் ஒரு பக்கம். மூன்று பக்கமும் சந்தித்துக்கொள்வது பஸ்ஸில்தான், அதனால்தான் எல்லாருடைய குடையும் எங்கள் சுவரில் தொங்கியது.

ஆபீசில் எல்லாருக்கும் பொதுவான மொழியில்தான் பேசிக்கொள்வோம். அதையெல்லாம் இங்கே என் வாயில் வருகிற மாதிரிதான் சொல்கிறேன். 'அக்கா' என்ற வார்த்தையை மட்டும் அவள் சேர்ந்த முதல் மாதமே என்னிடமிருந்து எடுத்துக்கொண்டாள். அப்படிக் கூப்பிடுகிறவளை நான் வேறென்ன சொல்லிக் கூப்பிடுவது?

அவள் சேர்ந்த பிறகு வந்த முதல் பதினொரு வருடத்தை நினைத்தால் இப்போதும் நெஞ்சு நிறைகிறது. மதியச் சாப்பாட்டைப் பாதிப் பாதியாகப் பங்கு போட்டுக்கொள்வோம். என் மகன் காய்ச்சல் கண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இரண்டு நாள் எனக்குப் பதிலாக அவள் கண் விழித்தாள். அவளுக்குப் பாட வராது, ஆனால் பாடுவாள். அலமாரிக்குப் பின்னாலிருந்து அந்தக் கர்ண கொடூரக் குரல் கிளம்பியதும், எங்கேயோ ஒரு பல்செட் பயந்து கடகடவென்று ஆடுகிறது என்று நான் சொல்வேன். கோபித்துக்கொள்ளவே மாட்டாள்.

துணிக்கடைக்குப் போனால் வெள்ளைக்காரப் பெண்கள் என் கையையே பார்த்துக்கொண்டு பின்னால் வருவார்கள், எதையாவது சுருட்டிவிடுவேனோ என்று. மறுநாள் ஆபீசில் வந்து வாய் கிழியக் கத்துவேன். தங்கச்சி சிரித்துக்கொண்டே, அக்கா, உங்க பின்னாடி ஒருத்திதானே வர்றா, என் பின்னாடி வாட்ச்மேனும் சேர்ந்து வர்றான் என்பாள். பட்டவளுக்குத் தெரியும் வலி, அதனால் எனக்கு நிறபேதமெல்லாம் ஊசிமுனை அளவும் கிடையாது என்று நான் சத்தியமே செய்திருப்பேன். எங்கள் வீட்டில் அவளுடைய ஆட்களைச் 'சுருட்டை' என்றுதான் சொல்வோம். அதைக் காலையில் ஆபீஸ் வாசலில் செருப்புப் போலக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போவேன், சாயங்காலம் மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வருவேன். அதில் ஒரு தப்பும் எனக்குத் தெரியவில்லை.

எங்கள் வேலைமுறை சுலபம். பொருளைத் தேடி வருகிறவர் ஒரு சீட்டில் பெயர், விலாசம், பஸ் நம்பர், தேதி, பொருள் எல்லாம் எழுதித் தர வேண்டும். பிறகு நாங்கள் பொருளைக் கண்ணில் காட்டாமல் அடையாளம் கேட்போம். மூன்று கேள்விக்குக் குறையக் கூடாது என்பது விதி. கேட்ட கேள்வியையும் வந்த பதிலையும் சீட்டின் பின்பக்கத்தில் எழுதி, பொருளைக் கொடுத்தாலும் மறுத்தாலும் சீட்டை மேஜைக் கம்பியில் குத்திவிட வேண்டும். அந்த மூன்று கேள்வி விதியை யார் பார்த்தார்கள்? ஆள் வாசலில் நுழையும்போதே இவன் குடைக்காரனா கூடைக்காரனா, நிஜமா பொய்யா என்று எனக்கு மூக்கில் வேர்த்துவிடும். அதுவரை என் கையால் ஒரு பொருள்கூட ஆள் மாறிப் போனதில்லை. சாவிக்காரரே இதை நாலு பேரிடம் சொல்லியிருக்கிறார்.

அந்தப் பதினோராவது வருடத்தில் ஒரு வியாழக்கிழமை, நல்ல மழை. தங்கச்சி உள்ளே கடைசி அலமாரியில் பழைய பொருள்களைப் பிரித்துக்கொண்டிருந்தாள். கவுண்ட்டரில் நான். சுருட்டை முடிக்காரர் ஒருவர் வந்தார். ஐம்பது வயதிருக்கும், நனைந்த கோட்டு, முழங்கை தேய்ந்திருந்தது. தோல் பை ஒன்றைப் புதன்கிழமை பஸ்ஸில் விட்டுவிட்டாராம். உள்ளே வேலைச் சாமான்கள். தாம் பியானோக்களுக்குச் சுருதி சேர்க்கிறவர் என்றார்.

பை எங்களிடம்தான் இருந்தது. காலையில் நானே திறந்து பார்த்திருந்தேன். மரக் கைப்பிடி போட்ட நீளமான முறுக்குச் சாவி, ரப்பர் ஆப்புகள், சிவப்புக் கம்பளிப் பட்டைகள், தட்டினால் சுருதி சொல்கிற ஒரு சுருதிக் கவை. எல்லாம் எண்ணெய் போட்டுத் துடைத்து அதனதன் இடத்தில் சொருகியிருந்தது. யாரோ பெரிய மனுஷனுடைய பை என்று மனதில் எழுதி வைத்துவிட்டேன். இவருடைய முகம் அந்த எழுத்தோடு ஒட்டவில்லை.

கேட்க ஆரம்பித்தேன். பை என்ன நிறம்? பழுப்பு. வார் எப்படி? வலது பக்கக் கொக்கி உடைந்து, நீலக் கயிறு போட்டுக் கட்டியிருக்கும். உள்ளே என்னென்ன? வரிசையாகச் சொன்னார். மூன்று கேள்வி முடிந்தது. நான் நிறுத்தவில்லை. முறுக்குச் சாவியின் கைப்பிடி மரமா இரும்பா? சுருதிக் கவையில் என்ன எழுதியிருக்கும்? ஆப்பு எத்தனை? எல்லாவற்றுக்கும் பதில் வந்தது. கம்பளிப் பட்டை எத்தனை என்று கேட்டேன். பத்துப் பன்னிரண்டு இருக்கும், எண்ணிப் பார்த்ததில்லை என்றார். பூனை எலியைப் பிடித்த மாதிரி அதைப் பிடித்துக்கொண்டேன். சொந்தச் சாமானையே எண்ணத் தெரியாதவர் என்று மனதில் குறித்துக்கொண்டேன். உள்ளே உங்கள் பெயர் ஏன் இல்லை? கடைசியாக ஒன்பதாவது கேள்வி: இதையெல்லாம் வைத்துக்கொண்டு நீங்கள் என்ன செய்வீர்கள்?

அவர் முதலில் சொன்னதையே திரும்பவும் பொறுமையாகச் சொன்னார். சனிக்கிழமை காலை நாடக அரங்கில் அவருக்குப் பரீட்சை. அங்கேயுள்ள பெரிய பியானோவுக்குச் சுருதி சேர்த்துக் காட்டினால் நிரந்தர வேலை. இருபது வருடமாக வீடு வீடாக ஏறி இறங்கியவருக்கு முதல் முறையாக உட்கார ஒரு நாற்காலி. அந்தச் சாமான்கள் அவர் கைக்குப் பழகியவை, இரவல் சாமானில் இந்த வேலை ஓடாது என்றார்.

பை உங்களுடையதுதான் என்று யாராவது எழுதிக் கொடுத்த கடிதம் கொண்டுவாருங்கள், தருகிறேன் என்றேன். சண்டை போடாமல், தலையை ஆட்டிவிட்டு மழையில் இறங்கிப் போனார். சண்டை போடாததையும் நான் சந்தேகத்தில்தான் சேர்த்துக்கொண்டேன்.

இத்தனை நேரமும் கவுண்ட்டருக்கு எதிர் பெஞ்சில் ஒருவர் காத்திருந்தார். எங்கள் ஆள். இஸ்திரி போட்ட சட்டை, மூக்குக் கண்ணாடி, படிய வாரிய தலை. குடை தேடி வந்திருப்பார் என்று நினைத்தேன். பார்க்க வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது, பிறகு வருகிறேன் என்று எங்கள் மொழியில் சொல்லி, அக்கா என்று ஒரு கும்பிடும் போட்டுவிட்டு எழுந்து போனார். மனுஷனுடைய மரியாதையைப் பார் என்று எனக்கு மனம் குளிர்ந்தது.

ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தார். நேற்று என் தோல் பை தொலைந்துவிட்டது அக்கா, உள்ளே பியானோ சாமான், ஊரிலிருந்து அண்ணன் அனுப்பியது என்றார். என் மூளை எங்கே போயிருந்தது என்று இன்று வரை எனக்குத் தெரியவில்லை. அப்போது எனக்குத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான்: பார்த்தாயா, நான் நினைத்தது சரி, அந்த ஆள் திருடன், பைக்குச் சொந்தக்காரர் இதோ நிற்கிறார். விதிக்காக ஒன்று கேட்டேன், என்ன நிறம் என்று. பழுப்பு, வலது கொக்கி உடைந்து நீலக் கயிறு கட்டியிருக்கும் என்று கேட்காததையும் சேர்த்தே சொன்னார். பையைத் தூக்கிக் கொடுத்தேன். நல்லா இருங்க அக்கா என்றார். சீட்டைக் கம்பியில் குத்தினேன்.

நான்கு மணிக்குச் சுருதிக்காரர் வந்தார். கையில் ஒரு பள்ளிக்கூடத் தலைமையாசிரியை முத்திரை குத்திக் கொடுத்த கடிதம். எட்டு வருடமாக எங்கள் பியானோவுக்கு இவர்தான் சுருதி சேர்க்கிறார், பழுப்பு நிறத் தோல் பையோடு வருவார் என்று எழுதியிருந்தது. அதைப் படிக்கும்போதுதான் எதிரே இருந்த காலி பெஞ்சு என் கண்ணில் பட்டது. என் கவுண்ட்டருக்கும் அந்தப் பெஞ்சுக்கும் இடையே நாலு அடி. ஒன்பது கேள்வியையும் ஊருக்கே கேட்கிற குரலில் கேட்டு, ஒன்பதுக்கும் பதில் வாங்கி, பெஞ்சில் உட்கார்ந்திருந்தவனுக்கு நானே பாடம் நடத்தி அனுப்பியிருக்கிறேன்.

சொல்லித்தானே ஆக வேண்டும். வேறு ஒருவர் அடையாளம் சொல்லி வாங்கிக்கொண்டு போய்விட்டார் என்றேன். அவர் கடிதத்தை மெதுவாக நான்காக மடித்தார்.

"அவர்கிட்ட எத்தனை கேள்வி கேட்டீங்க?"

"மூணு."

யோசிக்கக்கூட இல்லை, பொய் அதுவாகவே வந்தது. அவர் கவுண்ட்டரில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு புகார் எழுத ஒரு தாள் கேட்டார். புகாரை வாங்கிப் படித்த சாவிக்காரர் விதியை எடுத்துச் சொன்னார். மூன்று கேள்வி கேட்டுக் கொடுத்திருந்தால் கம்பெனி மேல் தப்பில்லை, அவருக்கு ஒன்றும் கிடைக்காது. குறைவாகக் கேட்டிருந்தால் கம்பெனி புதுச் சாமான் வாங்கித் தர வேண்டும், ஊழியர் பேரில் குற்றப்பதிவு ஏறும். அந்தச் சீட்டு நாளைக் காலை என் மேஜைக்கு வர வேண்டும் என்று என்னிடம் சொல்லிவிட்டு, ஐந்து மணிக்குச் சாவியைக் குலுக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். சுருதிக்காரரும் போய்விட்டார்.

கம்பியிலிருந்து சீட்டை உருவினேன். பின்பக்கத்தில் ஒரே வரி. நிறம்? பழுப்பு. கீழே வேண்டிய மட்டும் இடம் இருந்தது. இரண்டு வரி, அவ்வளவுதான். அதே பேனா, அதே மை. பதினைந்து வருட நல்ல பெயர் அந்த இரண்டு வரியில் பிழைத்துக்கொள்ளும். பேனாவைத் திறந்தேன்.

தங்கச்சி உள்ளேயிருந்து வந்து நின்றாள். மத்தியானம் முழுக்க அலமாரிக்குப் பின்னால் இருந்தவள், எல்லாம் அவள் காதில் விழுந்திருக்கும். என் கையைப் பிடிக்கவில்லை. கம்பியில் இருந்த அந்த மாதத்துச் சீட்டு மொத்தத்தையும் உருவி மேஜையில் வைத்தாள்.

"எழுதறதுன்னா எழுதுங்க அக்கா. அதுக்கு முன்னாடி இதை ஒரு தடவை எண்ணிப் பாத்துடலாம்."

பெயரைப் பார்த்தாலே யாருடைய ஆள் என்று தெரிந்துவிடும். என் கையெழுத்துச் சீட்டுகளை மூன்று கட்டாகப் பிரித்தாள். எங்கள் ஆட்கள் நாற்பத்திரண்டு பேர், கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் ஒரே ஒரு கேள்வி. வெள்ளைக்காரர்கள் பதினேழு பேர், ஒன்று, சிலவற்றில் அதுவும் இல்லை. அவளுடைய ஆட்கள் பதினொரு பேர். அந்தக் கட்டை மட்டும் சத்தமாக வாசித்தாள். ஐந்து, நாலு, ஆறு, ஏழு, ஐந்து. பஸ்ஸில் கண்ணாடியை விட்டுவிட்ட ஒரு கிழவியிடம் ஆறு கேள்வி கேட்டிருக்கிறேன். கடைசிச் சீட்டில் ஒன்பது.

நான் சும்மா இருக்கிற ரகமா? வெட்கம் வந்தால் எனக்குக் கோபமும் கூடவே வந்துவிடும். பெரிய நீதிபதி மாதிரி பேச வந்துவிட்டாயே, உன் சீட்டை எண்ணு பார்க்கலாம் என்றேன். அவளுக்கு அவளுடைய ஆட்கள் என்றால் கேள்வியே இருக்காது, கையோடு பிடித்துவிடலாம் என்றுதான் நானே வெடுக்கென்று பிடுங்கி எண்ணினேன். எங்கள் ஆட்களுக்கு இரண்டு. வெள்ளைக்காரர்களுக்கு ஒன்று. அவளுடைய ஆட்களுக்கு ஆறு, ஏழு, ஏழு, எட்டு. நான் கேட்டதைவிட அதிகம்.

இரண்டாம் முறையும் எண்ணினேன். அவளும் குனிந்து பார்த்தாள். அவளுக்கே அது தெரிந்திருக்கவில்லை என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். எனக்கு அப்போது வந்தது சந்தோஷம், அதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. உன் ஆளுங்க மேல உனக்கே நம்பிக்கை இல்லை, அப்புறம் என்னை என்னத்துக்குக் குத்திக் காட்டுகிறாய் என்று கேட்டேன்.

அவள் கட்டைச் சரியாக அடுக்கிக்கொண்டே இருந்தாள். மூலைக்கு மூலை சேர்த்துவிட்டுத்தான் பேசினாள்.

"நம்பிக்கை இல்லாம இல்ல அக்கா. பயம். ஒரு பொருள் தப்பாப் போயிட்டா, அவ ஆளுக்குத்தானே எடுத்துக் கொடுத்தா, ரெண்டு பேரும் கூட்டுன்னு சொல்லிடுவாங்களேன்னு ஒரு பயம்."

"யாரு சொல்லுவா? சாவிக்காரரா? அவர் அப்படிப்பட்ட ஆளே இல்ல."

"அவர் என்ன சொன்னா எனக்கென்ன."

நான் விடவில்லை, பிறகு யார்தான் சொல்வார்கள் என்று கேட்டேன்.

"நீங்கதான் அக்கா."

என் மகனுடைய கட்டிலருகே இரண்டு நாள் உட்கார்ந்திருந்தவள். பதினொரு வருடம் ஒரே டப்பாவிலிருந்து சாப்பிட்டவள். அத்தனை நாளும் கவுண்ட்டரில் அவளுடைய ஆள் ஒருவர் வந்து நின்றபோதெல்லாம், பின்னால் நான் இருக்கிறேன் என்ற நினைப்பிலேயே அவள் ஆறும் ஏழும் கேட்டிருக்கிறாள். நான் அப்படியெல்லாம் நினைக்க மாட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். மேஜையில் என்னுடைய மூன்று கட்டும் விரித்தபடி கிடந்தன. வாயை மூடிக்கொண்டேன்.

பேனாவையும் மூடினேன். மறுநாள் காலை அந்த ஒற்றைக் கேள்விச் சீட்டையும், அதோடு ஒன்பது கேள்விச் சீட்டையும் சேர்த்துச் சாவிக்காரர் மேஜையில் வைத்தேன். மூணு என்று நான் சொன்னது பொய் என்றும் சொன்னேன். என் பேரில் பதிவு ஏறியது. பையை வாங்கிப் போனவன் சீட்டில் எழுதிய விலாசத்தில் அப்படி ஒரு ஆளே இல்லை. சுருதிக்காரருக்குப் புதுச் சாமான் வந்து சேர ஐந்து வாரம் ஆயிற்று. சனிக்கிழமைப் பரீட்சைக்கு அவர் இரவல் சாமானோடு போனார், வேலை வேறு ஒருவருக்குப் போய்விட்டது. புதுச் சாமான் பெட்டியை வாங்கிக்கொள்ள வந்தபோது நான் மன்னிப்புக் கேட்டேன். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கையில் எடை பார்த்தார், இதெல்லாம் பழக ரெண்டு வருஷம் ஆகும்மா என்றார், கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு யார் வந்தாலும் மூன்றே கேள்வி என்று எங்களுக்குள் வைத்துக்கொண்டோம். வெள்ளைக்காரச் சீமாட்டி ஒருத்தியிடம் முதல் தடவை மூன்றாவது கேள்வியைக் கேட்டபோது என் நாக்கு தடுமாறியது. தங்கச்சி தன் ஆட்களிடம் மூன்றோடு நிறுத்திக்கொள்ளப் பட்ட பாட்டையும் பக்கத்திலிருந்து பார்த்தேன். நாலாவது கேள்வி வாய் வரை வந்துவிடும், விழுங்கிக்கொள்வாள், என் பக்கம் திரும்பாமலே பையை எடுத்துக் கொடுப்பாள். பழையபடி சாப்பாட்டைப் பங்கு போட்டோம், பழையபடி பாடினாள். நல்ல வருடங்கள்தான் அவையும். அந்த அறை மட்டும் இன்னும் இருந்தால், சம்பளமே வேண்டாம், நாளைக் காலையே போய் உட்கார்ந்துவிடுவேன்.

எல்லாருக்குள்ளும் இந்த நிறபேதம் ஒளிந்திருக்குமா அம்மா என்று என் மகன் ஒருநாள் ஏதோ படித்துவிட்டுக் கேட்டான். எல்லாரையும் பற்றி எனக்கு என்ன தெரியும் என்றேன். என்னைப் பற்றிக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். வாசலில் மணி அடித்தால் கதவில் இருக்கிற கண்ணாடித் துளையில் பார்க்கிறேன். நிற்பது கூரியர்காரரோ தண்ணீர் மீட்டர் பார்க்கிறவரோ, தங்கச்சியின் ஆட்களில் ஒருவராக இருந்தால், கதவைத் திறப்பதற்கு முன்னால் என் கை சங்கிலியை மாட்டிவிடுகிறது. பிறகு அதைக் கழற்றிவிட்டுத் திறக்கிறேன். ஆனால் சங்கிலிச் சத்தம் வெளியே நிற்கிறவருக்கும் கேட்கும்.